சுண்ணாம்பு தடவாத கலயம்

பனை என்பது தென்னையின் தம்பி என்றுதான் என் பேராசிரியர் நினைத்துக்கொண்டிருந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், நல்ல மனிதர். மழை ஓயாத ஒரு நகரத்தில் அவருடைய ஆய்வுகூடத்தில் நான் சில வருடங்களாக மதுவம் வளர்த்துக்கொண்டிருந்தேன். மதுவம் என்று நாங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தமிழ்நாட்டில் ஈஸ்ட் என்கிறார்கள். அப்ப மாவைப் புளிக்க வைப்பதும் கள்ளைப் பொங்க வைப்பதும் அதுதான்.

வளர்ப்பது மட்டுமல்ல, அறுப்பதும் எங்கள் வேலை. மதுவத்தின் உடம்பு ஒரே ஒரு கலம், தமிழ்நாட்டில் செல் என்பார்கள். அந்தக் கலத்துக்குள் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் நூல்கள் இருக்கின்றன. நாங்கள் நிறமூர்த்தம் என்போம், தமிழ்நாட்டில் குரோமோசோம். ஓலைப்பாயின் ஓரத்தைப் பிரியாமல் மடித்துப் பின்னுவார்களே, அதுபோல ஒவ்வொரு நூலின் இரண்டு நுனிகளும் காப்புப் போட்டு மூடப்பட்டிருக்கும். நூலை நடுவில் அறுத்தால் காப்பில்லாத நுனிகள் இரண்டு புதிதாக உண்டாகும். கலம் அதை உடனே கண்டுகொள்ளும். செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டது போட்டபடி நிறுத்திவிட்டுத் திருத்தத் தொடங்கும். திருந்திவிட்டால் மறுபடி இரண்டாகப் பிரிந்து பெருகும். திருந்தாவிட்டால் காத்திருக்கும்.

எங்களிடம் இருந்தவை எல்லாம் கண்ணாடித் தட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செல்லப்பிள்ளைகள். வெளியே மரத்திலும் பூவிலும் வாழும் மதுவமும் அதே மாதிரிக் காத்திருக்குமா என்று பேராசிரியருக்கு ஒரு சந்தேகம் வந்தது. உன் ஊரில் பனை இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் போக முடியாது என்றேன். அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் போர். அம்மா வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார். கடலுக்கு மறுபக்கம், தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமையில் அதே பனை நிற்கிறது, நான் போகிறேன் என்று நானாகவே சொன்னேன்.

பேராசிரியருக்கு நான் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. என் தம்பி ரவீந்திரன் பத்தொன்பது வயதில் இந்தியாவுக்கென்று படகேறிப் போனவன். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அம்மா ஒருநாளும் அவனைக் காணாமல் போனவன் என்று சொன்னதில்லை. "போனவன்" என்பார், அவ்வளவுதான். அந்த மாசியில், கொழும்பில் ஒரு கல்யாண வீட்டில், தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னாராம்: திருநெல்வேலிக்குப் பக்கத்து அகதி முகாமில் வடமராட்சிப் பெடியன் ஒருவன் இருக்கிறான், பெயர் ரவீந்திரன், தமக்கை ஒருத்தி வெளிநாட்டிலாம். வடமராட்சி எங்கள் பகுதி. தமக்கை நான். அம்மா தொலைபேசியில் அதைச் சொன்னபோது ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பாளையங்கோட்டையில் என்னை வரவேற்றவர் ஜெபமணி மேடம். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், கணவர் வளைகுடாவில். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கோயில் என்று அவர் சொன்னது தேவாலயத்தை. நாங்களும் அப்படிச் சொல்வதுண்டு என்று நான் சொன்னதும் முதல் நாளிலேயே பாதி நெருங்கிவிட்டோம். மீதித் தூரத்தைச் சொதி கடத்திவிட்டது.

தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, மத்தியானம் சோற்றுக்கு ஊற்றினார். பார்த்ததும் சொதி என்றேன். உறவில் ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. மறுவீட்டுக்குச் சொதி வைப்பது அவர்கள் வழக்கமாம். சென்னையில் யாருக்கும் இந்தப் பெயரே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் வாய் நிறையச் சோறு இருந்தது. எங்கள் சொதி தண்ணீராக இருக்கும், மஞ்சள் கூட, இடியாப்பத்துக்குத்தான் ஊற்றுவோம். இது கெட்டி. இருந்தாலும் தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாய் வெந்த அந்த வாசம் அதேதான். அம்மாவின் அடுப்படியை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் நாக்கு அதை மறந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணறுதான், அதிலும் பாதி உப்பு. தாமிரபரணிப் படித்துறையில் கால் வைத்ததும் தண்ணீர் கணுக்காலை மெல்ல இழுத்தது. கிணற்றுத் தண்ணீர் யாரையும் இழுக்காது. சித்திரை வெயிலிலும் ஆறு வற்றாமல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஜெபமணியிடம், "இந்தம்மா ஏன் தண்ணியவே பாத்துட்டு நிக்கா, குளிக்கச் சொல்லுங்க" என்றாள். குளித்தேன். ரவி நீந்தத் தெரியாதவன் என்பது தண்ணீருக்குள் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. கரையேறிவிட்டேன்.

தலை துவட்டும்போது ஜெபமணியிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் சபையைச் சேர்ந்த ஒரு பெண் அந்த முகாமில் தையல் சொல்லிக்கொடுக்கப் போகிறாள், அவளிடம் விசாரிக்கச் சொல்கிறேன் என்றார். அதற்குள் உடன்குடிப் பனங்காட்டில் மதுவம் எடுக்கும் வேலையை முடித்துவிடுவோம் என்றும் சொன்னார். சும்மா இருந்தால் எனக்கு நல்லதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

உடன்குடிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. பாதி வழியில் நெல்வயல் முடிந்து தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்கியது. பிறகு பனை. கண்ணுக்கெட்டிய வரை பனை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பனைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் மண்ணில்தான். எங்களுடையது வெள்ளை மணல்.

ஜெபமணியின் சித்தப்பா மகன் வீட்டில் தங்கினோம். பதநீர் இறக்குகிற தங்கப்பழம் அண்ணாச்சியை அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் மதுவம் வளராது. எனக்குச் சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்று வேண்டும் என்றேன். அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சுண்ணாம்பு தடவாமக் கட்டுனா அது கள்ளும்மா. கள்ளுன்னா போலீசு. நீங்க பாட்டுக்கு ஏரோப்ளேன்ல ஏறிப் போயிருவிய. நான்லா நாளைக்கும் மரத்துல ஏறணும்."

அவர் சொன்னது நியாயம். கள்ளுக்குத் தடை இருந்த காலம். ஜெபமணிதான் சமாதானம் சொன்னார். சின்னக் கலயம் ஒன்று போதும், விடிந்ததும் இறக்கிவிடலாம், எங்களுக்கு வேண்டிய சொட்டை எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே மண்ணில் ஊற்றிவிடுவோம், யாராவது கேட்டால் கல்லூரிக்காரி ஜெபமணி கேட்டாள் என்று சொல்லுங்கள் என்றார். அண்ணாச்சி யோசித்துவிட்டுச் சரி என்றார். மறுநாள் விடிகாலையில் இறக்கிய கலயத்தின் மேல் நுரை கட்டியிருந்தது. நான் சிறு குப்பிகளில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். சொன்னபடி மீதியை அவரே மண்ணில் ஊற்றினார். ஊற்றும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் மனைவி எங்களுக்குச் சுண்ணாம்புக் கலயத்துப் பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தார். நுங்கை நசுக்கிப் போட்டிருந்தார். எங்கள் ஊரில் இதைக் கருப்பநீர் என்போம், கருப்பட்டியைப் பனங்கட்டி என்போம் என்று சொன்னேன். பேரை மாத்துனா இனிப்பு மாறவா செய்யும் என்று கேட்டுக்கொண்டே ஓலைக்கொட்டானில் கருப்பட்டி கட்டிக் கொடுத்தார். தம்பிக்கு என்று நான் சொல்லவில்லை. மனதுக்குள் அதைத் தம்பிக்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் விபரீதம். குப்பிகளுக்கு நான் பஞ்சுதான் அடைத்திருந்தேன். வாசம் வருமே என்று பயந்து ஜெபமணி எனக்குத் தெரியாமல் தன் பையிலிருந்த குப்பிக்கு மட்டும் மூடியை இறுக்கித் திருகிவிட்டார். வெயிலில் மதுவம் சும்மா இருக்குமா, காற்றை உண்டாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அவருடைய கோயில் பைக்குள் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மூடி தெறித்து, நுரை பொங்கி, ஜெபப்புத்தகமும் மடியும் நனைந்தன. கள் வாசம் பஸ் முழுக்கப் பரவியது.

"யாரோ காலையிலயே ஏத்திட்டு வந்திருக்காம் வே" என்றார் பின்சீட்டுப் பெரியவர்.

"வாசம் பொம்பளையாளுக பக்கம் இருந்துலா வருது" என்றார் இன்னொருவர்.

கண்டக்டர் வந்தார். ஜெபமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இது ஆராய்ச்சி என்றார். கண்டக்டர் மரியாதை குறையாமல், "எங்க தெருவுலயும் ரெண்டு பேரு தெனமும் இந்த ஆராய்ச்சிதான் மேடம் செய்யுதானுவ" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். ஜெபமணி பாளையங்கோட்டை வரும்வரை நனைந்த பையை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. அன்றிலிருந்து என்னை நீ என்று கூப்பிடத் தொடங்கினார்.

மீதிக் குப்பிகள் பத்திரமாக இருந்தன. கல்லூரி ஆய்வகத்தில் அவற்றைத் தட்டுகளில் தடவி வைத்தோம். இரண்டு நாளில் வெண்ணெய்ப் பொட்டுகள் போல மதுவம் முளைத்தது. நுண்ணோக்கியில் ஜெபமணிக்குக் காட்டினேன். தாய்க்கலத்தின் விலாவில் மொட்டுப்போல மகள்கலம் வளர்ந்துகொண்டிருந்தது.

"இதோட நூலை அறுத்தா என்ன செய்யும்?" என்று கேட்டார்.

மகள் வளர்ந்து பிரியப்போகிற கட்டத்தில் நின்றுவிடும் என்றேன். தாயும் மகளும் ஒட்டியபடி, எட்டு என்று எழுதினது போல நிற்கும். பக்கத்தில் அதே செய்தியுள்ள முழு நூல் இருந்தால் அதைப் பார்த்துப் பிரதியெடுத்து அறுந்ததை ஒட்டிவிடும். சிலவேளை அறுந்த நுனிக்கே புதிதாகக் காப்புப் போட்டுக்கொள்ளும். ஒன்றும் முடியாவிட்டால் நிற்கும், நாங்கள் கனநேரம் என்போம், வெகுநேரம் நிற்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் எங்களை வியக்க வைத்தது. சில கலங்கள் அறுந்தது அறுந்தபடி இருக்க, மறுபடி பிரியத் தொடங்கிவிடுகின்றன. காயம் ஆறவில்லை, ஆனாலும் நிற்பதை விட்டுவிடுகின்றன. அநேகமானவை பிறகு செத்துப்போகும். ஒன்றிரண்டு பிழைக்கும். ஏன் அப்படிச் செய்கின்றன என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. உடன்குடி மதுவமும் அப்படிச் செய்யுமா என்பதை நான் திரும்பிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஜெபமணி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தையல் டீச்சர் வந்து சொல்லிட்டுப் போனா. அங்கன ஒரு ரவீந்திரன் இருக்கானாம். அக்கா வெளிநாட்டுலதானாம். நீ வந்திருக்கேன்னு அவன்கிட்டச் சொல்லிட்டா. நாளைக்குப் போவோம்."

ஆய்வகத்துக் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். ஒரே தட்டை இரண்டு முறை கழுவியிருக்கிறேன்.

முகாம் ஆற்றின் மேற்புறம், வயல்களுக்கு நடுவில் இருந்தது. போகிற வழியில் வாங்கிய அல்வாவும் கருப்பட்டியும் பஸ்ஸில் என் மடியில் இருந்தன. பத்தொன்பது வயது முகத்தில் போன வருடங்களை ஏற்றிப் பார்த்தபடியே போனேன். மீசை வைத்துப் பார்த்தேன், கன்னத்தை ஒட்ட வைத்துப் பார்த்தேன். முதலில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிட்டியோ என்று கேட்பதென்று முடிவு செய்தேன். பக்கத்தில் ஜெபமணி என் கையைப் பிடித்திருந்தார்.

உள்ளே போக அனுமதி வாங்க நேரமாகும் என்றார்கள். வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். தையல் டீச்சர் ஆளைக் கூட்டிவர உள்ளே போனார்.

அவன் ஓடி வந்தான். அப்போதுதான் மாற்றிக்கொண்ட சட்டை, பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. கைகளில் பெயின்ட். ஈரத் தலையை வாரியிருந்தான். தெருவைக் கடந்து என்னைப் பார்த்ததும் நின்றான். நானும் எழுந்து நின்றேன். என் தம்பி உயரமானவன். இவன் உயரமில்லை.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நீங்கள் எங்கட அக்கா எண்டு நினைச்சு ஓடி வந்தனான்" என்றான்.

அவனுடைய அக்கா ஜேர்மனிக்குப் போனவராம். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்ததாம். இவன் முகாம் மாறிய பிறகு எதுவும் இல்லை. அக்கா வந்திருக்கிறார் என்று தையல் டீச்சர் சொன்ன நேரத்திலிருந்து பக்கத்துக் குடிசைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டானாம். ராத்திரியே யாரோ ஒருவர் அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையாட்டி, நீங்களும் வெறுங்கையாகத்தானே திரும்பப் போறீங்கள் என்றான். பிறகு உட்கார்ந்தான்.

வடையும் தேநீரும் வந்தன. ஜெபமணி கொஞ்சம் தள்ளிப் போய், வயலைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நாங்கள் ஊரைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் தாங்காது என்று இருவருக்கும் தெரியும். எங்கே பெயின்ட் அடிக்கிறாய் என்று கேட்டேன். கட்டட வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே, மாலைக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றான். நீங்கள் என்ன வேலை என்று கேட்டான். சொன்னேன். மதுவம் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. பத்தாம் வகுப்பில் படித்தது, இங்கே ஒருவருக்கும் அந்தச் சொல் தெரியாது என்றான். அறுந்ததும் நிற்கும், திருத்தப் பார்க்கும், முடியாவிட்டால் காத்திருக்கும் என்று அவனுக்கும் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும்?"

"கனநேரம். பிறகு சிலது திருந்தாமலே பிரியத் தொடங்கும்."

"திருந்தாமலோ?"

"ஓம். திருந்தாமலே."

அவன் வடையைப் பிய்த்து ஒரு துண்டு சாப்பிட்டான். "இஞ்ச ஒரு பொம்பிளைப் பிள்ளையை எனக்குக் கலியாணம் பேசி வந்தவை" என்றான். "அக்கா வரட்டும், வன்னிக்குப் போன அம்மா எங்க எண்டு தெரியட்டும் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறன். அவையும் எத்தனை நாளைக்குப் பாப்பினம்."

அல்வாவையும் கருப்பட்டியையும் அவன் கையில் கொடுத்தேன். ஓலைக்கொட்டானை மூக்கருகே கொண்டுபோனான். பனங்கட்டி என்றான். விடைபெறும்போது அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

அன்று மாலை ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து கொழும்புக்கு எடுத்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் மின்விசிறி இல்லை. அம்மா முதல் மணியிலேயே எடுத்தார். வணக்கமோ சுக விசாரிப்போ இல்லை.

"கண்டனியோ?"

"கண்டனான் அம்மா. அது எங்கட ரவி இல்லை."

கூண்டுக்கு வெளியே ஒருவர் முறைக்காகக் காத்திருந்தார். அவர் கண்ணாடியைத் தட்டினால் என்ன செய்வது என்று யோசித்தேன். அம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாவோ?"

வன்னிப் பக்கம் இடம்பெயர்ந்து போனதாகக் கேள்வி, உயிரோடு இருக்கிறாரா என்று அவனுக்கே தெரியாது என்றேன்.

"தாயின்ர பேர் என்ன?"

நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. அப்படியே சொன்னேன்.

"நாளைக்குப் போய்க் கேள்" என்றார் அம்மா. "பேர், ஊர், எந்தக் குறிச்சி, எல்லாம் கேட்டுக்கொண்டு வா. வன்னியிலயிருந்து சனம் இஞ்ச வந்துகொண்டுதான் இருக்கு. நான் விசாரிக்கிறன். அவவும் எங்கயோ நிண்டு ஆரையோ கேட்டுக்கொண்டுதான் இருப்பா."

மறுநாள் நான் சென்னைக்கு ரயிலேற வேண்டிய நாள். தட்டுகள் ஜெபமணியின் குளிர்ப்பெட்டியில் இருந்தன. காலையில் நான் செருப்பு மாட்டியதும் எங்கே என்று அவர் கேட்கவில்லை, தானும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். முதல் பஸ்ஸில் போனோம்.

ரவீந்திரன் வேலைக்குப் போகப் பழைய சட்டையோடு முகாம் வாசலில் மற்றவர்களுடன் நின்றான். என்னைக் கண்டதும் பயந்துவிட்டான். ஒன்றும் இல்லை, எங்கள் அம்மா கேட்கச் சொன்னார் என்று சொல்லித் தாயின் பெயரைக் கேட்டேன். பெயர் பதியும் இடங்களில் எல்லாரும் தகப்பன் பெயரைத்தான் கேட்பார்கள். தாயின் பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருடமோ.

"பரமேஸ்வரி" என்றான்.

வேலைக்குப் போகிற லாரி வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். அவன் ஏறவில்லை.

"பரமேஸ்வரி" என்று இன்னொரு முறை சொன்னான்.